குளிக்கத் தகுந்த கடல்

கடல் நீர் குளிக்கத் தகுந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மலாக்கா நீரிணையின் கரையோரங்களில், குறிப்பாக மலேசியாவில், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ள ஊம்பாய், செர்க்காம், மெர்லிமாவ், சுங்கை ரம்பை பக்கங்களில், கடல் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். ஆறுகள் அடித்து வரும் வண்டலும் ஆழமில்லாத சேற்றுப் படுகையும் அதற்குக் காரணம். சேறு கலந்த நீரெல்லாம் நோய் தரும் நீர் ஆகிவிடாது. காலடி மணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

கடலில் இறங்குவோர் பலவகையினர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், ஆடி அமாவாசையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள், ஈமச் சடங்கு முடித்து அஸ்தி கரைத்துத் தலைமுழுகுபவர்கள், இடுப்பளவு நீரில் வலை வீசுபவர்கள் என எல்லோரும் அந்த நீரை உடம்பில் ஏற்றுக்கொள்கிறார்கள். சிறிதளவு வாய்க்குள்ளும் போகிறது. அந்த நீர் அவர்களுக்குத் தீங்கு செய்யுமா என்பதை முன்கூட்டிச் சொல்வதற்காக இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, குளிக்கும் நீருக்கான தர அளவுகோல். மற்றொன்று, அந்த அளவுகோலை அடிப்படையாக வைத்துக் கடற்கரைகளுக்கு வழங்கப்படும் சுற்றுச்சூழல் சான்றிதழ். உலகில் அதிகம் அறியப்பட்ட கடற்கரைச் சான்றிதழ் ‘நீலக்கொடி’.

எதை எண்ணுகிறார்கள்?

கடலில் குளிப்பவருக்கு வரும் நோய்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் முதலிடம் பெறுகின்றன. காது வலி, கண் சிவத்தல், தோல் அரிப்பு, தொண்டை வலியோடு கூடிய காய்ச்சல் ஆகியவையும் வரும். இவற்றில் பலவற்றுக்கு மூலம் மனித மலமும் விலங்குகளின் சாணமும்தான். நோரோவைரஸ் போன்ற கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பது செலவு மிகுந்தது, நேரமும் பிடிக்கும். ஆகவே ஆய்வுக்கூடங்கள் வேறு வழியில் போகின்றன. மனிதக் குடலில் கோடிக்கணக்கில் வாழும் சாதாரண பாக்டீரியாக்கள் நீரில் இருக்கின்றனவா என்று பார்க்கின்றன. அவை இருந்தால் அந்த நீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்த இடத்தில் நோய்க்கிருமியும் இருக்க வாய்ப்புண்டு.

இப்படி அடையாளமாகக் கொள்ளப்படும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஈ.கோலி, மற்றொன்று எண்டரோகாக்கஸ். உப்பு நீரும் வெயிலும் ஈ.கோலியை விரைவில் கொன்றுவிடும். எண்டரோகாக்கஸ் கடலில் அதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் கடற்கரைகளைப் பொறுத்தவரை எண்டரோகாக்கஸ் எண்ணிக்கைதான் குளிப்பவரின் ஆபத்தை நன்றாகக் காட்டுகிறது.

மாதிரி எடுப்பதற்கு முறை உண்டு. கிருமி நீக்கிய புட்டியுடன் ஒருவர் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமுள்ள இடம்வரை இறங்கி நடக்கிறார். மக்கள் அதிகமாகக் குளிக்கும் இடமாக அது இருக்க வேண்டும். புட்டியின் வாயைக் கையால் தொடாமல், நீர்மட்டத்துக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே அதை நிரப்பி மூடுகிறார். புட்டி பனிக்கட்டிப் பெட்டிக்குள், வெளிச்சம் படாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. அங்கே 100 மில்லிலிட்டர் நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு வெள்ளைச் சவ்வின் வழியாக உறிஞ்சுகிறார்கள். துளையின் அகலம் 0.45 மைக்ரான், நீர் கீழே இறங்கிவிடும், பாக்டீரியா சவ்வின் மேல் தங்கிவிடும். அந்தச் சவ்வை ஊட்டக்கூழ் நிரப்பிய சிறு தட்டில் வைத்து உடல் சூட்டுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்தில் வைப்பார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார்த்தால், தங்கிய ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் சோதனை.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை எடுத்த நீரின் முடிவு திங்களோ செவ்வாயோதான் தெரியும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை குளித்தவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். ஆகவே ஒரே ஒரு சோதனை எதையும் உறுதிப்படுத்தாது. ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து எடுத்த மாதிரிகளின் வரிசைதான் ஒரு கடற்கரையின் குணத்தைச் சொல்லும்.

வரம்புகள் எப்படி வந்தன?

சாக்கடை கலந்த கடலில் குளிப்பதால் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் 1950-களின் இறுதியில் பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர்கள் கருதினார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்காக விக்டர் கபேலி 1970-களில் நியூயார்க் உள்ளிட்ட கடற்கரைகளில் நடத்திய ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. நீரில் எண்டரோகாக்கஸ் கூடக்கூட, குளித்தவர்களிடம் வயிற்று நோயும் கூடுவதை அது காட்டியது. அடுத்து, பிரிட்டனில் டேவிட் கேயும் அவருடைய குழுவினரும் 1989 முதல் 1992 வரை நான்கு கடற்கரைகளில் ஒரு நேரடிப் பரிசோதனை நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலமான பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைக் கடலில் குளிக்கவும் மறு பாதியினரைக் கரையிலேயே இருக்கவும் செய்தார்கள். பிறகு இரு பிரிவினரின் உடல்நலத்தையும் ஒப்பிட்டார்கள். கிருமி எண்ணிக்கைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த ஆய்வுகளின் மேல் எழுந்தது. 100 மில்லிலிட்டர் கடல்நீரில் எண்டரோகாக்கஸ் 40-க்குள் இருந்தால், ஒருமுறை குளிப்பதால் வயிற்று நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அது 200 வரை போனால் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து வரை உயரும். 500-ஐத் தாண்டினால் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். ஐரோப்பாவில் 1976-இல் வந்த குளியல் நீர்ச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் திருத்தி எழுதியபோது, கடற்கரை நீருக்கு ‘மிகச் சிறப்பு’ என்ற தரம் பெற 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி 250-க்கும் எண்டரோகாக்கஸ் 100-க்கும் மேல் போகக்கூடாது என்று வகுத்தது. இருபது மாதிரிகள் எடுத்தால் ஏறத்தாழ பத்தொன்பது இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு.

சிறுவர்களைப் பொறுத்தவரை இந்த எண்களுக்குக் கூடுதல் கனம் உண்டு. அமெரிக்காவில் ஒரு நீச்சல் குளத்தில் நடந்த ஆய்வில், பெரியவர்கள் முக்கால் மணி நேரத்தில் சராசரியாக 16 மில்லிலிட்டர் நீரை விழுங்கியபோது சிறுவர்கள் 37 மில்லிலிட்டர் விழுங்கினார்கள். மேலும் அலையடிக்கும் இடத்தில், மணலும் நீரும் கலக்கும் விளிம்பில், அதிக நேரம் விளையாடுவதும் சிறுவர்களே. சாக்கடை கடலில் சேரும் இடமும் பெரும்பாலும் அந்த விளிம்புதான்.

நீலக்கொடி

நீலக்கொடி 1985-இல் பிரான்சில் தொடங்கியது. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்து, குளிக்கும் நீரைத் தூய்மையாக வைத்திருந்த கடலோர நகராட்சிகளுக்கு முதன்முதலில் அந்தக் கொடி வழங்கப்பட்டது. கரையில் நட்ட பூச்செடிகளுக்கோ சாய்வு நாற்காலிகளுக்கோ அன்று அது தரப்படவில்லை. சாக்கடையைச் சரிசெய்ததற்காகத் தரப்பட்டது. 1987-இல் ஐரோப்பா முழுதுக்கும் அது விரிந்தது. 2001-இல் தென்னாப்பிரிக்கா சேர்ந்ததும் ஐரோப்பாவுக்கு வெளியே கால் வைத்தது. இன்று டென்மார்க்கின் கோப்பன்ஹேகனைத் தலைமையகமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்விக்கான அறநிறுவனம் இதை நடத்துகிறது. ஏறத்தாழ 50 நாடுகளில் கடற்கரைகள், படகுத்துறைகள், சுற்றுலாப் படகுகள் எனச் சுமார் ஐயாயிரம் இடங்களில் இந்தக் கொடி பறக்கிறது.

கடற்கரை ஒன்று கொடி பெற 33 நிபந்தனைகள் உள்ளன. சுற்றுச்சூழல் கல்வியும் தகவலும், நீரின் தரம், சுற்றுச்சூழல் பராமரிப்பு, பாதுகாப்பும் வசதியும் என்ற நான்கு தலைப்புகளில் அவை அடங்கும். நீரின் தரத்துக்கு ஐரோப்பாவின் ‘மிகச் சிறப்பு’ வரம்பே அளவு. குளிக்கும் பருவத்தில் குறைந்தது ஐந்து மாதிரிகள் எடுக்க வேண்டும். இரண்டு மாதிரிகளுக்கு இடையே 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஆலைக் கழிவோ சாக்கடையோ கடற்கரையைப் பாதிக்கும்படி கலக்கக்கூடாது. சோதனை முடிவைக் கரையிலேயே, குளிக்க வருபவர் கண்ணில் படும்படி, பலகையில் எழுதி வைக்க வேண்டும். உயிர்காப்பாளர், முதலுதவி, குடிநீர், கழிவறை, மாற்றுத்திறனாளிகள் வந்து போகும் வழி, குப்பைப் பிரிப்பு ஆகியவையும் நிபந்தனைகளில் உண்டு.

கொடி ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும். அடுத்த பருவத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் தரம் குறைந்தால் கொடியை இறக்க வேண்டும். ஒருமுறை வாங்கி அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடும் பட்டயமாக அது இல்லாததால்தான் அதற்கு மதிப்பு.

தமிழ்க் கரையில் கோவளம்

இந்தியாவில் 2020 அக்டோபரில் எட்டுக் கடற்கரைகள் முதன்முதலாக ஒன்றாக நீலக்கொடி பெற்றன. குஜராத்தின் சிவராஜ்பூர், டையூவின் கோக்லா, கர்நாடகத்தின் காசர்கோடு, படுபித்ரி, கேரளத்தின் காப்பாடு, ஆந்திரத்தின் ருஷிகொண்டா, ஒடிசாவின் பூரி, அந்தமானின் ராதாநகர் ஆகியவை அவை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தமிழ் பேசும் கரைக்கு இரண்டு கொடிகள் வந்தன. ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம். மற்றொன்று புதுச்சேரியின் சின்ன வீராம்பட்டினத்தை அடுத்த ஈடன் கடற்கரை. 2022-இல் லட்சத்தீவின் மினிக்காய், கட்மத் கடற்கரைகளும் சேர்ந்து எண்ணிக்கை பன்னிரண்டானது.

கோவளம் பழைய மீனவக் கிராமம். அதன் வடக்கே முட்டுக்காட்டு முகத்துவாரம் கடலோடு சேர்கிறது. கொடிக்காக அங்கே கடற்கரையின் ஒரு பகுதி வரையறுக்கப்பட்டது. அந்தப் பகுதிக்குள் கழிவறை, உடைமாற்றும் அறை, நடைபாதை, காவல் ஏற்பாடு எல்லாம் வந்தன. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: கொடி ஒரு ஊருக்கோ மாவட்டத்துக்கோ தரப்படுவதில்லை. அளந்து குறிக்கப்பட்ட சில நூறு மீட்டர் கரைக்கு மட்டுமே அது பொருந்தும். அந்த எல்லைக்கு அப்பால் உள்ள நீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கரையைச் சான்றிதழுக்காக ஒழுங்குபடுத்தும்போது வலை காயவைக்கவும் படகு ஏற்றவும் காலங்காலமாக அந்த மணலைப் பயன்படுத்திவரும் மீனவர்கள் ஒதுக்கப்படக்கூடாது. நீலக்கொடிக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டுக்கு அருகே சில கட்டுமானங்களை அனுமதிக்க இந்திய அரசு கடலோர விதிகளைத் தளர்த்தியபோது, கரையின் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தது. கடலைச் சுத்தமாக வைத்திருக்க மீனவரைவிட அதிக அக்கறை யாருக்கும் இருக்க முடியாது. எனவே திட்டம் தீட்டும் மேசையில் அவர்களுக்கு இடம் தருவது நியாயம் மட்டுமல்ல, பயனும் உடையது.

ருஷிகொண்டா இன்னொரு பாடம். விசாகப்பட்டினத்தின் அந்தக் கடற்கரை 2025-இன் தொடக்கத்தில் பராமரிப்புக் குறைபாடுகளால் தற்காலிகமாகக் கொடியை இழந்தது. குறைகள் களையப்பட்டதும் திரும்பப் பெற்றது. கொடி பறிபோனதைச் சிலர் அவமானமாகப் பார்த்தார்கள். உண்மையில், பறிக்கக்கூடிய சான்றிதழ்தான் நம்பத்தக்க சான்றிதழ்.

மலேசியாவின் அளவுகோல்

மலேசியாவில் கடல் நீரைக் கண்காணிக்கும் பொறுப்பு சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்தது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அதற்கு அடிப்படை. தீபகற்பத்தில் 1978 முதலும் சபா, சரவாக்கில் 1985 முதலும் கடல் நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டு வருகின்றன. கடலோரம், முகத்துவாரம், தீவு என நிலையங்கள் வகை பிரிக்கப்பட்டுள்ளன. கடல் நீர்த் தரக் குறியீடு என்ற மதிப்பெண் முறையில் ஏழு அளவுகள் சேர்கின்றன: கரைந்துள்ள ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட், அமோனியா, மலக்கோலிபார்ம் என்ற குடல் பாக்டீரியாக்கள், எண்ணெயும் கொழுப்பும், மிதக்கும் துகள்கள். நூற்றுக்கு 90-க்கு மேல் பெற்றால் மிகச் சிறப்பு. 80-க்கு மேல் நன்று. 50-க்கு மேல் நடுத்தரம். அதற்குக் கீழே மோசம்.

இந்தக் குறியீடு கடலின் பொது ஆரோக்கியத்தைக் காட்டும் நல்ல கருவி. ஆனால் குளிப்பவரின் கேள்விக்கு அது நேரடியாகப் பதில் தருவதில்லை. மலக்கிருமி கூடுதலாக இருந்தாலும் மற்ற ஆறு அளவுகள் நன்றாக இருந்தால் மொத்த மதிப்பெண் தாங்கி நிற்கக்கூடும். சேறு மிகுந்த கரையில் மிதக்கும் துகள்களே மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடவும் கூடும். அந்தத் துகள்களால் குளிப்பவருக்குப் பெரிய தீங்கு இல்லாமலும் போகலாம். முடிவுகள் ஆண்டறிக்கையாக வெளிவருகின்றன. இந்த வாரம் மலாக்காவின் தஞ்சோங் பிடாரா கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்கும் தாய்க்கு ஆண்டறிக்கை போதாது.

சாக்கடை நீருக்கான சட்டத்திலும் இதே இடைவெளி உண்டு. 2009-ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிகள், சுத்திகரிப்பு நிலையம் வெளியேற்றும் நீரை இரண்டு தரங்களாகப் பிரிக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கலக்கும் நீர் ‘ஏ’ தரத்தில் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் ‘பி’ தரம் போதும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைக் குறிக்கும் ‘ஆக்சிஜன் தேவை’ என்ற அளவில் முதலாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம், இரண்டாவது 50. அமோனியா, எண்ணெய், துகள்கள் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. மலக்கிருமிகளுக்கு அந்தப் பட்டியலில் வரம்பு இல்லை. சட்டப்படி ஒழுங்காக வெளியேறும் நீரும் ஏராளமான கிருமிகளோடு ஆற்றில் இறங்கலாம். மீனுக்கு மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளும் விதி, குளிக்கும் குழந்தையை இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜாசினின் ஆறுகள்

ஜாசின் மாவட்டத்தின் கடற்கரை மலாக்கா மாநிலத்தின் தென்கிழக்கு ஓரம். ஊம்பாயில் தொடங்கிச் செர்க்காம், மெர்லிமாவ் வழியாகச் சுங்கை ரம்பைக்கு அப்பால் கெசாங் ஆற்றின் முகத்துவாரம்வரை அது நீள்கிறது. அந்த ஆறு மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லை. வெள்ளை மணலுக்குப் பெயர்போன கரைகள் மறு பக்கத்தில், அலோர் காஜா மாவட்டத்தின் தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் பகுதிகளில் இருக்கின்றன. ஜாசின் கரை சேறும் அலையாத்தியும் மீன்பிடிக் கம்பங்களும் நிறைந்தது. ஊம்பாய், செர்க்காம் ஊர்களின் சுட்ட மீன் கடைகளுக்கு வெளியூரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. பூலாவ் பெசாருக்குப் படகு ஏறுவோரும் இந்தக் கரை வழியே போகிறார்கள்.

இந்தக் கரைக்கு வரும் நீர் உள்நாட்டிலிருந்து வருகிறது. ஆசாகான், நியாலாஸ், செலாண்டார், பெம்பான், சின் சின் என ஒரு காலத்தில் பால்மரமும் இன்று பெரும்பாலும் செம்பனையும் நிற்கும் நிலப்பரப்பில் பெய்யும் மழை, தோட்டத்துக் கான்களில் இறங்கி, ஆறுகளில் சேர்ந்து, நீரிணைக்குள் விழுகிறது. ஆகவே கடலோரத்தில் எடுக்கும் ஒரு புட்டி நீரில் தோட்டம், ஆலை, வீட்டுக் கழிவறை, கால்நடைப் பண்ணை, கடைவீதி எல்லாவற்றின் கணக்கும் கலந்திருக்கிறது.

அவற்றில் செம்பனை ஆலை, சட்டம் வேலை செய்ததற்கு நல்ல சான்று. ஒரு டன் செம்பனை எண்ணெய் பிழிய ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் உண்டாகும். தவிட்டு நிறத்தில், சூடாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் அந்த நீரின் ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடையைவிட இது ஏறத்தாழ நூறு மடங்கு. 1970-களில் அது அப்படியே ஆற்றில் விடப்பட்டபோது மீன்கள் மூச்சுமுட்டிச் செத்தன. 1977-இல் வந்த விதிமுறை படிப்படியாக இறுக்கப்பட்டது. 1978-இல் 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு, அடுத்தடுத்த ஆண்டுகளில் குறைக்கப்பட்டு 1984-இல் 100 ஆனது. ஆலைகள் வரிசையாகக் குளங்கள் வெட்டின. முதல் குளத்தில் எண்ணெய் பிரியும். அடுத்த குளங்களில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்னும். கடைசிக் குளங்களில் காற்றும் வெயிலும் வேலையை முடிக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளங்களின் புளித்த வாடை நன்கு தெரியும். அந்த வாடை, ஆற்றுக்குப் போக வேண்டிய சுமை குளத்திலேயே கரைவதன் அடையாளம். குளம் தூர்ந்துபோனாலோ கனமழையில் வழிந்தாலோ சுமை மறுபடி ஆற்றுக்கே போகிறது.

ஆலைக் கழிவு ஆற்றின் மூச்சை அடைக்கும். குளிப்பவரின் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுக் கழிவு. மலாக்கா உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் கழிவுநீர்ச் சேவையை நடத்துவது இண்டா வாட்டர் நிறுவனம். அடுக்குமாடிகளும் புதிய தாமான்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்துள்ளன. கம்பங்களிலும் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் தனித்தனிக் கழிவுத் தொட்டிகளே. தொட்டி கழிவை ஓரளவுதான் சுத்தம் செய்யும்: கெட்டியானது அடியில் தங்கும், நீர் வெளியே கால்வாய்க்குப் போகும். குறித்த கால இடைவெளியில் கசடை உறிஞ்சி எடுக்காவிட்டால் தொட்டி நிறைந்து, கெட்டியும் நீரும் சேர்ந்தே வெளியேறும். வீட்டுக்குப் பின்னால் நடக்கும் இந்த வேலை யாருக்கும் தெரியாது. அதன் விளைவு சில கிலோமீட்டர் தாண்டி முகத்துவாரத்தில் தெரியும்.

இதோடு இந்தக் கரையின் இயல்பும் சேர்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் தெளிந்த நீரில் மலக்கிருமிகளைச் சில மணி நேரத்தில் கொல்லும். கலங்கிய நீரில் கதிர் ஆழமாக இறங்காது. துகள்களில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா நீண்ட நேரம் உயிரோடிருக்கும். சேறு தானாக நோய் தராவிட்டாலும், நோய் தருவதற்கு நிழல் கொடுக்கிறது. அதனால் ஜாசின் போன்ற கரையில் சாக்கடையைத் தடுப்பது, தெளிந்த கடல் உள்ள தீவைவிட முக்கியமாகிறது.

சரிசெய்த கரைகள்

கெட்டுப்போன கடற்கரையைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்விக்கு அண்டை நாடுகளில் பதில் இருக்கிறது. சிங்கப்பூர் தன் பொதுக் கடற்கரைகளில் எண்டரோகாக்கஸைத் தொடர்ந்து அளக்கிறது. 2008-இல் பாசிர் ரிஸ் கடற்கரையில் எண்ணிக்கை வரம்பை மீறியது. அங்கே நீந்த வேண்டாம் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் மக்களுக்கு அறிவுறுத்தியது. அடுத்த வேலை கரையில் நடக்கவில்லை, நிலத்தடியில் நடந்தது. பழைய சாக்கடைக் குழாய்களின் கசிவுகளைத் தேடி அடைத்தார்கள். சிறிய சுத்திகரிப்பு அமைப்புகளை மேம்படுத்தினார்கள். எண்ணிக்கை இறங்கிய பிறகே அறிவுரை விலக்கப்பட்டது.

பிலிப்பைன்சின் போராக்கே தீவு கடுமையான வழியில் போனது. உலகப் புகழ்பெற்ற அந்தத் தீவின் விடுதிகள் பல கழிவுநீரைக் கடலுக்குத் திருப்பிவிட்டிருந்தன. 2018 ஏப்ரல் 26-இல் அரசு தீவையே சுற்றுலாவுக்கு மூடியது. ஆறு மாதம் குழாய்கள் பதிக்கப்பட்டன. விதிமீறிய இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அக்டோபர் 26-இல் தீவு திறக்கப்பட்டது. அந்த ஆறு மாதத்தில் கூலி இழந்தவர்கள் படகோட்டிகள், சமையல்காரர்கள், அறை துப்புரவாளர்கள். கழிவுநீரில் மிச்சம் பிடித்த செலவை இறுதியில் எளியவர்கள் கட்டினார்கள். முன்கூட்டியே அளந்து, முன்கூட்டியே சரிசெய்வது அவர்களுக்கும் நல்லது.

சான்றிதழ் சொல்லாதவை

எந்தச் சான்றிதழும் எல்லாவற்றையும் சொல்லாது. அது சொல்லாதவற்றில் ஒன்று கப்பல் எண்ணெய். ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடக்கும் மலாக்கா நீரிணையில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு. 1997 அக்டோபரில் சிங்கப்பூர் நீரிணையில் எவோய்கோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் மோதலில் சிக்கி ஏறத்தாழ 28,500 டன் எண்ணெய் கசிந்தபோது, அதன் ஒரு பகுதி சிலாங்கூர் கரைவரை வந்தது. ஜெல்லி மீன், இழுப்பு நீரோட்டம், மணலில் புதைந்த கண்ணாடித் துண்டு ஆகியவையும் ஆய்வுக்கூடத் தட்டில் தெரியாது.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாடுகளில் குடலுக்கு வெளியே விரைவில் சாகும் இந்தப் பாக்டீரியாக்கள், வெப்பநாடுகளின் ஈரமண்ணிலும் மணலிலும் தாமாகவே வாழ்ந்து பெருகக்கூடும் என்பதை ஹவாயில் நடந்த ஆய்வுகள் காட்டின. அங்கே மழைக்குப் பின் எண்ணிக்கை உயர்ந்தால், அது சாக்கடையா வெறும் மண்ணா என்று பிரித்தறிய வேறொரு குடல் பாக்டீரியாவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மலேசியா போன்ற நாட்டில் ஐரோப்பிய எண்ணை அப்படியே ஒட்டிவைத்தால் போதாது. எண்ணிக்கை உயரும் இடத்துக்கு நேரில் போய், எந்தக் கால்வாய் எங்கிருந்து வருகிறது என்று நடந்து பார்க்கும் ஆய்வும் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் நீர்ச் சோதனையோடு இந்த நேரடி ஆய்வைச் சேர்த்தே தரம் பிரிக்கச் சொல்கிறது.

கரைகளில் வாழ்வது மனிதர் மட்டுமல்ல. அழுங்காமை தீபகற்ப மலேசியாவில் அதிகமாக முட்டையிடுவது மலாக்கா கரைகளில்தான். பாடாங் கெமுந்திங்கில் அதற்கெனப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. குளிப்பவருக்காக மணலை இயந்திரத்தால் வாரிச் சமன்செய்வதும் இரவெல்லாம் விளக்கெரிப்பதும் ஆமைக்கு ஆகாது. நல்ல சான்றிதழ் அதையும் கேட்க வேண்டும்.

கொடிக்கு முன்னால் செய்ய வேண்டியவை

நீலக்கொடி கிடைக்கும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை பல. மக்கள் குளிக்கும் கரைகளில் வாரம் ஒருமுறை எண்டரோகாக்கஸ் சோதனை நடத்தி, முடிவை மற்ற மொழிகளோடு தமிழிலும் கரையிலேயே பலகையில் எழுதலாம். கடலில் விழும் ஒவ்வொரு கால்வாயையும் ஆற்றுவாயையும் வரைபடத்தில் குறித்து, அதன் மேல்பகுதியில் என்ன இருக்கிறது என்று பதிவு செய்யலாம். கழிவுத் தொட்டிகளைக் காலம் தவறாமல் உறிஞ்சச் செய்யலாம். சுட்ட மீன் கடைகளின் எண்ணெய்ப் பொறிகளைச் சோதிக்கலாம். தண்டிக்கும் அதிகாரமும் இருக்கிறது: 2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் கடுமையான குற்றங்களுக்கு அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்வரை உயர்த்தியுள்ளது.

குளிப்பவரும் சில விதிகளைக் கைக்கொள்ளலாம். கனமழை பெய்தபின் ஓரிரு நாள் கடலில் இறங்காமலிருப்பது நல்லது; நிலத்தின் கழிவு அப்போதுதான் மொத்தமாகக் கடலுக்கு வரும். ஆற்றுவாய், கால்வாய் முனை, படகுத்துறை இவற்றின் பக்கத்தில் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது. ஆறாத புண்ணோடு இறங்கக்கூடாது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை நீரில் விடக்கூடாது, அது மற்றவர்களுக்காக. கரையேறியதும் நல்ல நீரில் குளித்து, சாப்பிடுமுன் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். சடங்குக்காக மூழ்குபவர்கள் நீரை வாயில் கொப்பளிக்காமல் இருப்பது பாதுகாப்பு. குளித்துச் சில நாளில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், எங்கே எப்போது குளித்தார் என்பதைக் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

ஒரு கடற்கரைக்குச் சான்றிதழ் தருவது நீரைப் புட்டியில் எடுத்து எண்ணும் ஆய்வாளர். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர்கள் அவருக்குப் பின்னால், கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்திலும் கம்பத்திலும் ஆலையிலும் கடைவீதியிலும் இருப்பவர்கள். கெசாங் ஆற்றின் இரு கரைகளிலும் நிறைந்த தொட்டிகள் உறிஞ்சப்பட்டு, ஆலைக் குளங்கள் தூர்வாரப்பட்டு, கால்வாய்கள் கணக்கில் வந்தால், கொடி ஏற்றாத கரையிலும் குளிக்கத் தகுந்த நீர் இருக்கும். அந்த வேலை செய்யப்படாத இடத்தில் ஏற்றும் கொடி ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது.